அளவு ரவிக்கை

மூன்று படம், மூன்று கட்டம். ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆவுடைத்தங்கம் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மா ஒரு சின்ன ஆபரேஷனுக்காக உள்ளே போயிருக்கிறார். "அரை மணி நேரத்துல வந்துருவேன்மா. அதுக்குள்ள எந்த டைப்னு யோசிச்சுப் போட்டு வைங்க. அதை வச்சுத்தான் தியேட்டர்ல நேரம் ஒதுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசி என்று சொல்லிவிட்டால் போதும், ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு யோசனையும் ஓடாது. மெஷினில் கால் இருந்தால் வேறு கதை. காலுக்குக் கீழே மெஷின் ஓடினால் தலைக்குள்ளும் என்னென்னவோ ஓடும். இங்கே வழவழப்பான தரையும் ஏசிக் குளிரும்தான் இருக்கின்றன. அப்படியும் அவளுடைய வலது பாதம் தரையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தங்கம் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். திருநெல்வேலிக்கு எதற்கு வந்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் லைனிங் துணி எடுக்க வந்தேன் என்று சொல்லலாம். வீட்டில் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சங்கரன்கோவிலில் கிடைக்காத லைனிங் துணியா, என்று வீட்டுக்காரர் கோமதிநாயகம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை அந்த மனிதர் விட்டுப் பல காலம் ஆகிவிட்டது, விட வைத்தவள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும், அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும், முதலில் டிக் போடுவோம்.

முதல் படத்தில் மார்புக் காம்பைச் சுற்றியிருக்கிற கறுப்பு வட்டத்தின் ஓரமாக மட்டும் ஒரு கோடு. இரண்டாவதில் அந்த வட்டமும், அதிலிருந்து நேராகக் கீழே இறங்குகிற ஒரு கோடும். மூன்றாவதில் அந்த இரண்டும் இருக்கின்றன, அதோடு அடி மடிப்பில் குறுக்காக இன்னொரு கோடு, பார்த்தால் கப்பல் நங்கூரம். டாக்டரம்மா பேனா முனையால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனபோது ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. முதலாவது, நாடா போட்டுச் சுருக்குவது. கொஞ்சம் தூக்கும், சுற்றிலும் சுருக்கம் விழும், கனத்த துணிக்கு நிற்காது. இரண்டாவது, ஒற்றை டாட், துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கிற மடிப்பு, பிடிப்பது. மூன்றாவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நடு டாட் இறங்கி வந்து அடிப்பட்டியில் போய் முட்டுகிறது. இருபத்து நாலு வருஷமாகத் தினமும் அவள் வெட்டுகிற ரவிக்கையின் முன்பக்கம் அதுதானே. ஊரில் பாதிப் பெண்களை அந்தத் தையலில்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். இந்தப் படிப்பு படித்து, வெளிநாட்டுக்கெல்லாம் போய் வந்த டாக்டரும் கடைசியில் நம்ம டாட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் டாக்டரம்மா அதைச் சொன்னார். "உங்களுக்கு இறக்கம் அதிகம்மா. முதல் டைப் நிக்காது. பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா அதுவே போதுமா இருந்திருக்கும். இப்ப ரெண்டாவது இல்லாட்டி மூணாவது. மூணாவதுல நல்லாத் தூக்கும், தழும்பு கூட. ரெண்டாவதுல தழும்பு கொறைவு, தூக்கலும் கொஞ்சம் கொறைவு. எது உங்களுக்கு உறுத்தும்னு நீங்கதான் சொல்லணும்." பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தால். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான், அதற்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் பத்து இல்லை, பதினொன்று.

எவ்வளவு உயரத்துக்கு வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டதும் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கடைக்கு வருகிற எந்தப் பெண்ணையும் அப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? பைக்குள் கையை விட்டு அளவு ரவிக்கையை எடுத்து நீட்டுவாள். 'இந்த அளவுக்குத் தச்சிருங்கக்கா' என்பாள். ஆவுடைத்தங்கமும் பைக்குள் கையை விட்டாள். எடுத்து நீட்டினாள். மெரூன் நிறம், அக்குளில் வெளுத்துப்போனது, மூத்தவள் சங்கரி வயிற்றில் வருவதற்கு முன்னால் தைத்த ரவிக்கையின் அளவில் வெட்டியது. "இந்த அளவுக்கு வந்தாப் போதும் டாக்டரம்மா" என்று வேறு சொன்னாள். பக்கத்தில் நின்ற ரெஜினா சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது கண்ணாடியில் தெரிந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாங்கி, விரித்து, உள்பக்கத்தைத் திருப்பினார். திருப்புவார் என்று யார் கண்டது. உள்ளே பாசிப்பச்சை சாட்டின், இரண்டு பக்கமும் கிண்ணமாக வெட்டி, மூன்று அடுக்கு வைத்து, அடியில் பட்டையாகக் கனத்த துணி கொடுத்து, ஓரத்தில் கொஞ்சம் லேஸ்கூடத் தெரிகிறது. "உள்ள ரொம்ப நல்ல துணியாப் போட்டிருக்கீங்களே" என்றார். "மஸ்கட் துணி" என்றாள் ஆவுடைத்தங்கம். வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. டாக்டரம்மா ரவிக்கையை மடித்து அவள் கையில் கொடுத்து, "உடம்பை அளவு ரவிக்கை வச்சுத் தைக்க முடியாதும்மா. இன்னைக்கு இருக்கிற உடம்பை நிக்க வச்சு, அது மேலதான் நான் கோடு போடணும்" என்றார். அது தெரியாதா என்ன. அளவு ரவிக்கை கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே பழைய உடம்பைத்தான் கொண்டு வருவார்கள். 'அக்கா, இது எப்பத் தச்சது, ஒரு தடவை டேப் வச்சுப் பாத்துக்கிடுதேன்' என்று அவளே எத்தனை பேரை எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். தன்னை ஒருநாளும் நிற்க வைத்ததில்லை. உடம்பு இறங்க இறங்க, பழைய அளவில் ரவிக்கையை வெட்டி, உள்ளே அடுக்கு வைத்து உடம்பை அந்த அளவுக்கு ஏற்றி ஏற்றிக் கட்டினாள். வெயில் காலத்தில் மடிப்பில் வேர்க்குரு வெந்து புண்ணாகும். தோளில் இரண்டு பக்கமும் வார் பதிந்து பள்ளமே விழுந்துவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. டெய்லரக்கா வயசே தெரியாம இருக்கா என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று ஆரம்பித்தது, வீட்டுக்காரருக்கும் தெரியக்கூடாது என்று எப்போது ஆனது? சின்னவன் பால் மறந்த வருஷமாக இருக்குமா? இல்லை, அதற்குப் பிறகு சுகர் வந்து உடம்பு பாதியாக இளைத்தபோதுதான். கடையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு புது ரவிக்கையைத் தனக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று கழற்றினாள். எதிரே நின்றது அவளுடைய உடம்பு மாதிரியே இல்லை. கைவிரல் பழைய இடத்துக்கு ஒரு ஜாண் கீழே போய்த்தான் காம்பைத் தொட்டது. அந்த மாசக் கடைசியில் அவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். முப்பது நாள். முதல் நாளே லைட்டை அணைத்துவிட்டாள். ரவிக்கையைக் கழற்றவில்லை. "லைட்டைப் போடேன் தங்கம், ஒன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருஷமாச்சு" என்றார். "கண்ணு கூசுது" என்றாள். மறுநாள் கழுத்து வலி. அதற்கு மறுநாள் கார்த்திகைச் சோமவாரம், விரதம். அப்புறம் ஐயப்பன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேட்டி ஓரம் அடிக்க வேண்டும், கல்யாண ஆர்டர் இருக்கிறது, சங்கரிக்குப் பரீட்சை. காரணத்துக்கா பஞ்சம். அவரும் ஒரு நாளுக்கு ஒரு அங்குலமாகக் கட்டிலில் நகர்ந்து நகர்ந்து, லீவு முடிகிற நேரத்தில் ஹாலுக்கே போய்விட்டார், ஹாலில்தான் காத்து நல்லா வருது என்று. காற்று வரவில்லை. அந்த ஹாலில் ஜன்னலே கிடையாது. நான் சொல்லியிருக்கலாம், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு இப்படி ஆயிட்டு, பாக்காதீங்க, இல்லாட்டி பாருங்க, எதையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு அதைச் சொல்ல என்ன வெட்கம்? வெட்கம் இல்லை அது. தொழில் கர்வம் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஊரையே தூக்கி நிறுத்துகிறவள் தன்னைக் காட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

அந்த லீவில்தான் அந்த நைட்டியை வாங்கி வந்தார். பாசிப்பச்சை சாட்டின், தோளில் நூல் மாதிரி இரண்டு வார், கழுத்தில் லேஸ். பெட்டியின் அடியில், போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தார். எடுத்துக் கொடுக்கும்போது அந்த மனிதர் முகம் சிவந்ததை அவள் பார்த்தாள். பெரிய கடையில், கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருந்ததாம். நாலு வெள்ளிக்கிழமை அந்தக் கடை வாசல் வரை போய் வந்து, அஞ்சாவது வெள்ளிக்கிழமைதான் உள்ளே போனாராம். அதைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு நூல் வார் எதைத் தாங்கும்? ஆனாலும் துணி கையில் வழுக்கியது, எவ்வளவு நல்ல துணி, வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அவர் ஊருக்குப் போன பிறகு வெட்டலாம் என்று பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அவர் கடைவீதிக்குப் போன ஒரு முற்பகலில் கத்தரியை வைத்துவிட்டாள். இரண்டு ரவிக்கைக்கு ஆகிற மாதிரி கிண்ணத்துக்கு நாலு துண்டு, அடுக்குக்கு எட்டுத் துண்டு. மீதித் துணுக்குகளை வெட்டுத்துணி மூட்டையில் போட்டாள். சாயங்காலம் சைக்கிள் துடைக்கத் துணி தேடி அந்த மூட்டைக்குள் கையை விட்டவர், ஒரு பச்சைத் துணுக்கோடு வந்து நின்றார். லேஸ் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது நான் வாங்கிட்டு வந்ததுல்லா?" என்றார். "ஆமா. சாயம் போவுது" என்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் "சரி" என்றார். அந்தத் துணுக்கால் சைக்கிளைத் துடைக்கவில்லை, மூட்டையில் போட்டுவிட்டு வேறு துணி எடுத்துப் போனார். அதற்குப் பிறகு ஐந்து லீவு வந்தார். பால் பவுடர், போர்வை, கோடாலித் தைலம். துணி ஒன்றும் வாங்கி வரவில்லை. சாயம் போவுது. தண்ணீரில் ஒரு தடவை நனைக்காமலே சொன்னாள். பதினொரு வருஷத்தில் எத்தனையோ ரவிக்கை கிழிந்து, பிரித்துப் பிரித்து அந்த இரண்டு ஜோடிக் கிண்ணத்தையும் அடுத்தடுத்த ரவிக்கையில் மாற்றியிருக்கிறாள், துவைத்திருக்கிறாள். ஒரு சொட்டுச் சாயம் போனதில்லை.

மூன்றாவதில் போட்டுவிடலாமா. பேனா திறந்திருக்கிறது. நல்லாத் தூக்கும். தூக்கினால் அந்தத் தழும்பு, சுற்றி, நேராக, குறுக்காக. லைட்டைப் போட்டால் அது தெரியும். அப்போ மறுபடியும் லைட்டை அணைக்க வேண்டும். இரண்டாவதில் போட்டால் தழும்பு பாதி, இறக்கமும் பாதி இருக்கும், அதற்கும் லைட்டை அணைக்க வேண்டும். ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் மங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. சில பேருக்குக் காம்பில் உணர்ச்சி குறையலாம், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், வராமலும் போகலாம் என்றும் சொன்னார். அந்த இடத்தில் ஆவுடைத்தங்கம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஊசி குத்தியது உறைக்காத கட்டை விரல் மாதிரி ஆகிவிடும் போல என்று நினைத்துக்கொண்டே ஆட்டினாள். ரவிக்கை என்றால் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டு வைப்பாள், நாளைக்குப் பிரிக்க வேண்டியிருந்தால் பிரிக்கலாம். இதில் வெட்டினால் வெட்டினதுதான். "யாரு பாக்கப் போறா, அவங்களுக்கு எது உறுத்தும்னும் யோசிச்சுக்கோங்க, வீட்டுல பேசுனீங்களா?" என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். பேசினேன் என்றாள். யார் பார்க்கப் போகிறார்கள். போன வருஷம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் அளவு கொடுக்க நின்றபோது, "லேசா எறங்கியிருக்கு டீச்சர், கவலப்படாதீங்க, நான் தூக்கித் தாரேன்" என்றாள். எல்லாரிடமும் சொல்கிற வாசகம்தான், ஆறுதலாகத்தான் சொல்வது. டீச்சர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அப்புறம் கண்ணாடியைப் பார்க்காமலே நின்றார். அந்தக் கண்ணாடியில் எத்தனை பேரை அப்படி நிறுத்தியிருப்பாள். அவளிடம் மட்டும் அந்த வாசகத்தை யாரும் சொன்னதில்லை, கோமதிநாயகம் சொன்னதில்லை, அவர் பார்த்தால்தானே சொல்வார், அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு கதவையும் சாத்திவிட்டாள். மனிதர் ஊரோடு வந்து எட்டு மாசம் ஆகிறது. கடையில் ஓரமாக உட்கார்ந்து மற்ற பெண்களின் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு, பத்து விரலும் நடுங்காமல். ராத்திரி ஹாலில்தான் பாய். பாவம் என்று நினைப்பாள். பாவம் என்று நினைத்துக்கொண்டே லைட்டை அணைப்பாள்.

அட்டையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. அறுவைச் சிகிச்சை நாளில் உடன் இருப்பவர் பெயர், உறவு. ரெஜினா சிஸ்டர் வந்து, "இதையாவது எழுதிக் குடுங்கம்மா, ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓசூரில் இருக்கிற சங்கரியின் பெயரை எழுதலாம் என்றுதான் நினைத்து வந்தாள். சங்கரி பெயரை எழுதினால் சங்கரி அப்பாவிடம் சொல்வாள், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று, எதற்கு என்று அவர் கேட்பார், இல்லை, அவர் கேட்க மாட்டார், சரி என்பார். பதினொரு வருஷமாகச் சரி. ஏசிக் குளிரில் வியர்த்தது, சாட்டின் முதுகுப் பக்கம் வரை நனைந்து ஒட்டியது. பைக்குள் இருப்பது பழையது, மேலே போட்டிருப்பதிலும் அதே பாசிப்பச்சைதான். எதற்கென்று தெரியாமலே போனை எடுத்தாள். அவர் உடனே எடுத்துவிட்டார்.

"சொல்லு. துணி கெடச்சுதா?"

"நீங்க என்ன செய்யுதீக?"

"கொக்கி தச்சிக்கிட்டு இருக்கேன். டீச்சர் ரவிக்கைக்கு. என்ன, சத்தம் ஒரு மாதிரி வருது."

"ஒண்ணுமில்ல." அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். "அந்தப் பச்சைத் துணி இருக்குல்லா. நீங்க வாங்கிட்டு வந்தது."

அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சாயம் போகல. நான் சும்மா சொன்னேன். யாருக்கும் தச்சுக் குடுக்கல. எனக்குத்தான் வச்சுத் தச்சிருக்கேன். உள்ள. இப்பவும் அதான் போட்டிருக்கேன்."

"தெரியும்" என்றார் கோமதிநாயகம்.

"எப்படித் தெரியும்?"

"கொடியில துண்டுக்கு அடியில காயுமே. ஒவ்வொரு லீவுலயும் பாப்பேன்."

"அப்போ ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

கொக்கியின் நூலைப் பல்லால் கடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"நீ மறைச்சுல்லா காயப்போட்டிருந்த. மறைக்கிறதப் போயிக் கேக்கவா? எனக்குக் காட்டப் பிடிக்கலபோலன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. படிக்கட்டில் ஏறி வந்த இரண்டு பேர் விலகிப் போனார்கள். கீழே தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. அவருக்குப் பிடிக்காமல் போகும் என்று இவள், இவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவர், நடுவில் ஒரு துண்டு. அதைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. ஐந்து லீவு, லீவுக்கு முப்பது நாள், அதற்குப் பிறகு இந்த எட்டு மாசம். எதைப் பிரித்து எப்படி மறுபடி தைப்பாள்?

"தங்கம். லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"எங்க இருக்க?"

"வந்து சொல்லுதேன். நேருல சொன்னாத்தான் சரியா வரும். ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஏறிருவேன்."

"சரி" என்றார். போனை வைக்கவில்லை. "வெயிலு இருக்கையிலேயே வந்துரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, உடன் இருப்பவர் பெயர் என்ற இடத்தில் கோமதிநாயகம் என்று எழுதினாள். உறவு, கணவர். மேலே மூன்று கட்டமும் அப்படியே இருந்தன. ரெஜினா சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"டைப் போடலியேம்மா. டாக்டர் கேப்பாங்க."

"பெறவு வந்து போடுதேன் சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் என்னையப் பாத்துப் பதினோரு வருஷமாச்சு. இப்ப எப்படி இருக்கேனோ அப்படியே ஒரு தடவை பாத்துக்கிடட்டும். அதுக்கப்புறம் எந்தக் கோடுன்னு ரெண்டு பேருமா வந்து சொல்லுதோம்."

சிஸ்டருக்குப் பாவமாகப் போய்விட்டது. "வெளிநாட்டுலயா இருக்காங்க?" என்று கேட்டாள்.

ஆவுடைத்தங்கம் அளவு ரவிக்கையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இல்ல" என்றாள். "வீட்டுலதான் இருக்காக."